மீன்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால்தான் அழகு என்று தோன்றும். என் முதல் தொட்டியை நானும் அப்படித்தான் வைத்தேன். மணல் போட்டு, செடி நட்டு, தண்ணீர் நிரப்பி முடித்த பிறகுதான், பின்னால் தொங்கவிட வேண்டிய ஃபில்டர் அட்டைப்பெட்டியைவிட்டே வெளியே வராமல் இருப்பது கண்ணில் பட்டது. எடுத்து மாட்டப் பார்த்தால் இரண்டு விரல் இடம் பற்றவில்லை. அந்த இரண்டு விரலுக்காக ஒரு நாள் முழுக்க வாளி தூக்கினேன்.

கண்ணாடிக்கு இந்த இடைவெளி தேவையே இல்லை. பின்னால் தொங்கும் சாமான்களுக்கும் உங்கள் கைக்கும்தான் தேவை. சுவரோடு ஒட்டி வைத்தால் சுவர் தொட்டிக்கு முட்டுக் கொடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொடுக்காது. கண்ணாடியின் மேல் தண்ணீர் தரும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. பின்னால் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது. சொல்லப்போனால் ஒட்டி வைப்பதில் கெடுதல்தான். தொட்டி நிரம்பினால் நீளப் பக்கக் கண்ணாடிகள் லேசாக வெளியே வளையும். அந்த இடத்தில் சுவரிலிருந்து ஓர் ஆணித் தலையோ சிமெண்ட் முடிச்சோ துருத்திக்கொண்டிருந்தால், கண்ணாடி அந்த ஒரு புள்ளியில் முட்டி, அழுத்தம் அங்கே குவியும்.

அளவு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: பின்னால் எதுவும் தொங்காத தொட்டிக்கு 3 முதல் 5 செ.மீ போதும். ஸ்டாண்டுக்குள் வைக்கும் மூடிய ஃபில்டரின் (கேனிஸ்டர்) குழாய்கள் இறங்கினால் 8 முதல் 10. பின்விளிம்பில் தொங்கும் ஃபில்டர் என்றால் 12 முதல் 15. வெளியே பைப் இறங்கும் சம்ப் (தொட்டிக்கு அடியில் வைக்கும் வடிகட்டும் தொட்டி) அமைப்புக்கு 15 முதல் 20 வரைகூடப் போகும். டேப் கையில் இல்லையென்றால் கையை வைத்தே பார்த்துவிடலாம். உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் துடைக்கலாம். முஷ்டி நுழைந்தால் கழற்றி மாட்டலாம். இரண்டுமே நுழையாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பின்கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, ஸ்டாண்டுக்கு அடியில் ஈரம்

இதைப் பார்த்ததும் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை விட்டுவிட்டது என்று பதறுவோம். பல நேரம் தொட்டி ஒழுகுவதே இல்லை. பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பின்கண்ணாடியையும் ஸ்டாண்டையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மேல்விளிம்புக்குக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் டிஷ்யூ தாள் துண்டுகளை ஒட்டுங்கள். தண்ணீர் மட்டத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபில்டரை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும்.

ஃபில்டர் நின்றதும் வழிவதும் நின்றால் குற்றவாளி ஃபில்டர்தான். தொங்கும் ஃபில்டரின் பெட்டிக்கு அடியில், கண்ணாடியில் ஊன்றி நிற்கும்படி ஒரு திருகோ குமிழோ இருக்கும். பெட்டியை நேராக நிறுத்துவது அதன் வேலை. இடம் பற்றாமல் ஃபில்டரைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நெட்டித் தள்ளியிருந்தால், பெட்டி விளிம்பில் சரியாக உட்காராமல் கோணலாக நிற்கும். ஸ்பாஞ்ச் புதிதாக இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. அது அடைக்க ஆரம்பித்ததும் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் தொட்டிக்குள் விழாமல் தாழ்ந்திருக்கும் பின்பக்கமாக வழியும். ஸ்பாஞ்சைக் கழுவினால் நிற்கும், மூன்று வாரத்தில் திரும்ப வரும். இப்படிப் போய்ப் போய் வருகிறதென்றால் கழுவிப் பயனில்லை. இடத்தைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் அந்த ஃபில்டரைத் தொட்டியின் பக்கவாட்டு விளிம்புக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் மாட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஃபில்டரை நிறுத்தியும் நடுத்தாளோ அடித்தாளோ நனைந்தால், வயரையும் ஏர் டியூபையும் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் தொற்றிய துளி வயரைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் இறங்கும். மேலே நனைத்த இடம் ஒன்று, கீழே சொட்டும் இடம் வேறு.

மேல்தாள் மட்டும் நனைந்து, சுவரில் தொட்டி விளிம்புக்குச் சற்று மேலே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், அது ஏர் ஸ்டோன், அதாவது காற்றுக் குமிழி விடும் கல், செய்கிற வேலை. குமிழி உடையும்போது தெறிக்கும் துளி உலர்ந்து உப்பு மட்டும் நிற்கிறது. கல்லைப் பின்கண்ணாடியிலிருந்து ஒரு சாண் முன்னால் நகர்த்துங்கள், அல்லது மூடி போடுங்கள். கடல்நீர்த் தொட்டி என்றால் இந்த உப்பு பொருக்குப் பொருக்காக ஏறி பிளக்வரை போகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும். அதற்காகவாவது உள்ளங்கை நுழைய வேண்டும்.

மட்டம் இறங்கிக்கொண்டே போய் ஓர் உயரத்தில் வந்து நின்றுவிடுகிறதா? அப்போதுதான் சிலிக்கான் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும். எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தில் ஓட்டை. அதற்கு முன் ஒரு வாளியில் அதே தண்ணீரை வைத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். திறந்த தொட்டியில் தண்ணீர் ஆவியாகி இறங்குவதையே ஒழுகல் என்று நினைத்துத் தொட்டியைக் காலி செய்தவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால் வேறு வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று, கரண்ட் போய் வந்த நாளில் மட்டும் தரை நனைந்தால்: ஏர் பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் இடம் குறுகலாக இருந்தால் பம்ப் நழுவித் தரையில் கிடக்கும், நமக்கும் தெரியாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பம்ப் நின்றால் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கும். பம்பை மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் டியூபின் நடுவில் ஒரு செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் அடைப்பு) போடுங்கள். பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், தொட்டிப் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. மாட்டும் முன் வாயால் ஊதியே பார்த்துவிடலாம்.

ஃபில்டரைக் கழுவியும் ஓட்டம் குறைவாகவே இருக்கிறது

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களின் புலம்பல் இது. பஞ்சைக் கழுவியாகிவிட்டது, தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரைத் துடைத்தாகிவிட்டது, ஆனாலும் தண்ணீர் சோம்பலாக வருகிறது. மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் டார்ச் அடித்துத் தொட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

குழாய் மடங்கும் இடம் பொதுவாக இரண்டுதான்: விளிம்பைத் தாண்டி வரும் வளைகுழாயிலிருந்து ரப்பர் குழாய் தொடங்குகிற இடம், அப்புறம் அது ஸ்டாண்டுக்குள் திரும்புகிற இடம். புதிதில் விறைப்பாக நின்ற குழாய், மாதக்கணக்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஓடி ஓடி இளகிவிடும். சுவர் ஒரு பக்கம் அழுத்த, மெல்ல மெல்லத் தட்டையாகும். பார்த்தால் சும்மா வளைந்திருப்பது போலத்தான் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அமுக்கிக்கொண்டே போனால், வட்டமாக இருந்த குழாய் ஓரிடத்தில் நாக்கு மாதிரி சப்பையாக இருப்பது விரலுக்குத் தெரியும்.

சந்தேகம் தீர ஒரு கணக்கு. வெளியேறும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, 10 லிட்டர் நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 60 நொடி என்றால் மணிக்கு 600 லிட்டர். பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். உள்ளே பஞ்சும் கல்லும் நிரப்பிய ஃபில்டர் எதுவும் அந்த எண்ணைத் தராது. கழுவி மாட்டிய நல்ல நாளில் ஒருமுறை அளந்து ஸ்டாண்டின் உள்பக்கம் எழுதிவைத்திருந்தால், அதோடு ஒப்பிடுங்கள். மடிந்த இடத்தைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தால் விடை வந்துவிடும்.

தீர்வு: மடிந்த குழாயை நிமிர்த்தி வைத்தால் மறுபடி அதே இடத்தில் மடியும், அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். இடம் இல்லாத திருப்பத்தில் கடினமான எல்போ ஒன்றைச் சொருகலாம். கொஞ்சம் ஓட்டம் குறையும், ஆனால் சப்பையாகாது. ஸ்டாண்டின் பின்பலகையில் ஓட்டை குழாய்க்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி இருந்தால், ஓட்டையைப் பெரிதாக்குவது எல்லாவற்றையும்விட சுலபம்.

சுவரில் கறுப்புப் புள்ளி, பெயிண்ட் உரிகிறது

சுவர் தானாக ஓதம் ஏறியிருக்கலாம், அல்லது தொட்டியால் ஈரம் பட்டிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் முதலில் எது என்று பிரித்துவிடுங்கள். ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, தொட்டிக்குப் பின்னால் உள்ள சுவரைத் துடைத்து உலரவிட்டு, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

இரண்டாவது வகைதான் இடைவெளியோடு நேராகச் சம்பந்தப்பட்டது. 25 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, சுமார் 19 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளியாகிவிடும். திறந்த தொட்டிக்குப் பின்னால் ஈரப்பதம் அறையின் மற்ற இடங்களைவிட எப்போதும் கூடுதல். வெளிப்பக்கம் வெயிலும் பனியும் படும் சுவர் என்றால் இரவில் குளிர்ந்துவிடும். நடுவே காற்று நகர வழியில்லாவிட்டால் படிந்த ஈரம் உலராது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்.

இதற்கு 5 செ.மீ இடைவெளி பெரும்பாலும் போதும், ஆனால் மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். இடைவெளி அசிங்கமாக இருக்கிறது என்று மேலே பட்டை வைத்து மூடி, பக்கவாட்டில் தெர்மாகோல் அடைத்துவிட்டால் 5 இருந்தாலும் 15 இருந்தாலும் ஒன்றுதான். மூடி போட்டு ஆவியைக் குறைப்பது பாதி வேலையை முடித்துவிடும். வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவருக்கு மாற்ற முடிந்தால் மீதிப் பாதியும் முடிந்தது.

சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் தொட்டியைக் குறை சொல்லாதீர்கள். கொத்தனார் வேலை அது. ஆனால் அதைச் செய்யத் தொட்டியை நகர்த்த வேண்டியிருக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரவில் உறுமல் கேட்கிறது

பகலில் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் சுவரே முனகுவது போல இருக்கும், சில வீடுகளில் பக்கத்து அறையில்தான் அதிகம் கேட்கும். ஏதோ ஒன்று சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏர் பம்பின் அதிர்வு சின்னதுதான். ஆனால் சுவர் கிடைத்தால் அது பெரிய பலகையாகி ஒலியைப் பரப்பும்.

கனமான அட்டை ஒன்றை எடுத்து, ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை இழுத்துக்கொண்டே போங்கள். சிக்கும் இடம்தான் தொடும் இடம். பெரும்பாலும் கீழே, சுவரின் அடியில் துருத்தி நிற்கும் ஸ்கர்ட்டிங் கல்லில் சிக்கும். மேலே மூன்று விரல் இடம் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருப்போம், அடியில் ஸ்டாண்டின் கால் ஸ்கர்ட்டிங்கில் முட்டிக்கொண்டு நிற்கும். அளவெடுக்கும்போது டேப்பைச் சுவரிலிருந்து அல்ல, ஸ்கர்ட்டிங்கின் முகத்திலிருந்து வையுங்கள். பம்பைச் சுவரிலிருந்து எடுத்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டின் மேல் வைத்தால் மீதிச் சத்தமும் அடங்கும்.

தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது

நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். ரசமட்டம் தேவையில்லை, தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் எது? ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். முன்பின் சாய்வு என்றால் முன்சொன்ன ஸ்கர்ட்டிங்கையும், சுவரோரத்தில் மடிந்து கிடக்கும் விரிப்பையும் பாருங்கள். பின்கால் எதிலாவது ஏறி நிற்கும். எதிரெதிர் மூலைகள் இரண்டு உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால் அது சாய்வு இல்லை, முறுக்கு. கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் சிலிக்கான் இணைப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி செய்ய ஆப்பு வைக்கலாம், ஆனால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மட்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். மர ஆப்பு ஈரத்தில் ஊறி அமுங்கும். பிளாஸ்டிக் அல்லது தகடு நல்லது. நிரம்பிய தொட்டியை நெம்பித் தூக்கி ஆப்பு சொருகுவது ஆபத்து. காலி செய்துவிட்டுச் செய்யுங்கள்.

பிளக் சூடாகிறது, அல்லது பழுப்பேறியிருக்கிறது

கையை வைக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு வாருங்கள். தொட்டிக்கு நேர் பின்னால் பிளக் பாயிண்ட் இருந்தால், பிளக்கின் தலையும் வளையும் வயரும் சேர்ந்தே 5 செ.மீயைத் தாண்டும். ஸ்டாண்டு அதை அழுத்தி முள் கோணலாகி, சரியாகத் தொடாமல் சூடேறுகிறது. பழுப்பேறிய பிளக்கும் பாயிண்டும் இரண்டுமே மாற்ற வேண்டியவை. எலெக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே, தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். பாயிண்டைத் தொட்டியின் பக்கவாட்டுக்கு, கை எட்டும் உயரத்துக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. எங்கே இருந்தாலும் வயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறிப் போக வேண்டும். வயரைப் பிடித்து இறங்கும் துளி அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மீன் ஒன்று குறைகிறது

எண்ணிக்கை தப்பு என்று இரண்டு நாள் இருப்போம். மூன்றாம் நாள் வாடை சொல்லும். துள்ளும் மீன் பின்னால் விழுந்தால் முன்னால் விழுவதைப் போல சத்தம் கேட்காது. இடைவெளி அதிகமானால் வரும் தொல்லை இது ஒன்றுதான் என்று சொல்லலாம், அதற்கும் மூடியோ வலையோதான் மருந்து. சுவரோடு ஒட்டிவிட்டால் விழாது என்பது சரியில்லை. 2 செ.மீ சந்து போதும் மீனுக்கு. உங்கள் கைக்குத்தான் போதாது.

பின்கண்ணாடியில் பாசி, பின்னணித் தாளில் திட்டுத் திட்டு

காந்தத் துடைப்பான் பயன்படுத்தினால் வெளிப்பக்கத் துண்டு நகர 5 செ.மீ வேண்டும். பின்னணித் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் நுழைந்தால்தான் திட்டுகள் வருகின்றன. தாளை எடுத்து, உலர்த்தி, கண்ணாடியில் மெலிதாக எண்ணெய் தடவி ஒட்டினால் போய்விடும். இதெல்லாம் உள்ளங்கை நுழைந்தால். நுழையாவிட்டால் பாசியை அப்படியே விட்டுவிடுங்கள், மீனுக்கு அது நல்லதுதான்.

நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால்

90 செ.மீ நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியில் விளிம்புவரை 182 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 182 கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்ந்தால் 250 கிலோவைத் தொடும். நாலு பேர் சேர்ந்து லேசாகத் தள்ளினால் இரண்டு விரல் நகராதா என்று கேட்பவர்களுக்கு: நகரும். ஒரு கால் முன்னால் வரும், இன்னொரு கால் வராது, முறுக்கு சிலிக்கானில் ஏறும். அன்றைக்கே ஒழுகாவிட்டாலும் என்றைக்காவது ஒழுகும்.

தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை வாளிகளில் எடுத்துவையுங்கள். ஒன்றில் மீன், ஏர் ஸ்டோனோடு, மேலே மூடியோடு. இன்னொன்றில் ஃபில்டரின் பஞ்சும் கல்லும், தண்ணீரில் மூழ்கியபடி. அது உலர்ந்தால் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போய், மீன் விட்ட இரண்டாம் நாளே அமோனியா ஏறும். குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவவும் வேண்டாம், குளோரின் அதே வேலையைச் செய்யும். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு எடுங்கள். பாறைகளை எடுத்துவிட்டு மணலையும் அள்ளிவிடுங்கள், சோம்பல் பட வேண்டாம். காலித் தொட்டியை அடியில் கைகொடுத்து இருவர் தூக்குங்கள். மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

ஸ்டாண்டை முன்னால் இழுத்து, மட்டம் பார்த்து, தொட்டியை ஏற்றுங்கள். மாடியில் இருப்பவர்கள் சுவரைவிட்டு நகர்த்தினால் தளம் தாங்குமா என்று கவலைப்படுவார்கள். பத்துப் பதினைந்து செ.மீ நகர்த்துவதால் தளத்துக்கு எதுவும் ஆகிவிடாது. அறையின் நடுவுக்குக் கொண்டுபோனால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். ஃபில்டரை மாட்டுங்கள், குழாய்களை இறக்குங்கள், சுவிட்சைப் போடாமல் பிளக்கை மட்டும் சொருகுங்கள், மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு முஷ்டியைப் பின்னால் விட்டு, ஃபில்டரை ஒரு கையால் கழற்றி வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு விரல் இழுங்கள். தொட்டி காலியாக இருக்கிறது, அரை நிமிட வேலைதான்.